வடலூர்ப் பந்தியும் சாதனா வனத்துப் பந்தியும்

கணியம்பாடியில் நின்று நனிசைவம் பேசுகிறவர் முதலில் தன் காலடியைப் பார்க்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று இந்த வட்டாரம் நெடுகத் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும்தான். விடியும் முன்பே சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் பெண்களை இந்தப் பக்கத்துச் சாலைகளில் பார்க்கலாம். இறைச்சியோடு பால், தயிர், நெய், முட்டை, தேனையும் விட்டு, தோல், பட்டு, கம்பளியையும் விலக்குவது நனிசைவம். அந்தச் சொல்லை இங்கே உச்சரிக்கும்போது யாரோ ஒரு பெண்ணின் மாதச் சம்பளத்தையும் சேர்த்தேதான் உச்சரிக்கிறோம்.

நான் நனிசைவத்தை நம்புகிறவன். அது இந்த மண்ணுக்குள் எந்த முகத்தோடு வரலாம் என்ற கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் தமிழ்நாட்டின் இரண்டு அடுப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று வள்ளலார் தொடங்கிய வடலூர் சத்திய தருமச்சாலை. மற்றது ஆரோவில்லின் சாதனா ஃபாரஸ்ட். ஒரே நாளில் பஸ் ஏறி இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம். இடையில் இருப்பது 136 ஆண்டுகள்.

வடலூர் அடுப்பு மூட்டப்பட்டது 1867 மே 23 அன்று. பார்வதிபுரத்து மக்கள் எழுதிக்கொடுத்த 80 காணி நிலம், ஏறக்குறைய 106 ஏக்கர், அதற்கு இடமானது. தருமச்சாலை தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வள்ளலார் சன்மார்க்க சங்கத்தை நிறுவியிருந்தார். ஆனாலும் அவர் நினைத்த வழிபாட்டின் முதல் கட்டடம் சமையற்கூடமாகத்தான் எழுந்தது. ஜோதியை வைத்த சத்திய ஞானசபை 1872 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. சாலை முதலில், சபை பிறகு. இந்த வரிசையை நாம் போதுமான அளவு யோசித்துப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற அவருடைய உரைநடை நூலில், பசி வந்தவனின் உடம்பில் என்னென்ன நடக்கிறது என்று உறுப்பு உறுப்பாக எழுதிக்கொண்டே போகிறார். கண் என்ன ஆகிறது, காது என்ன ஆகிறது, அறிவு எப்படி மங்குகிறது என்று ஒரு வைத்தியனின் நிதானத்தோடு சொல்கிறார். பசித்தவனை அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வேறு தமிழ் உரைநடை எனக்குத் தெரியாது. அவர் 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் திருக்காப்பிட்டுக்கொண்டார். இரண்டு வருடத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அவர் இல்லை. அடுப்பு இருந்தது. இன்றுவரை அது அணையவில்லை என்று வடலூர் பெருமையோடு சொல்கிறது.

சாதனா ஃபாரஸ்டின் கதை வேறு மாதிரி. 2003 டிசம்பரில் இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம், யோரித் ரோசின் தம்பதி, ஆரோவில்லின் ஓரத்தில் அரித்துப்போன 70 ஏக்கர் செம்மண்ணில் குடியேறினார்கள். கிழக்குக் கடற்கரைக்கு உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டை மறுபடி கொண்டுவருவது அவர்களுடைய எண்ணம். ஓடிப்போகும் மழையைக் கரை கட்டியும் பள்ளம் எடுத்தும் நிறுத்தினார்கள். பிறகு மரம் வைத்தார்கள். பல நாடுகளிலிருந்து தொண்டர்கள் வந்து தங்கிக் காலையில் மண்வேலை செய்கிறார்கள். சமையலையும் அவர்களே முறைவைத்துப் பார்க்கிறார்கள். சிறுதானியம், பருப்பு, காய், பழம். பாலும் நெய்யும் அந்த அடுப்பருகே வருவதில்லை. எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, சிறிது நேரம் மௌனம் காத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் வெளியாட்களுக்கும் இலவசச் சாப்பாடு போட்டுப் படம் காட்டுவது அவர்களுடைய நெடுநாள் வழக்கம்.

இரண்டு இடத்திலும் ஒரு நியாயம் ஒத்துப்போகிறது. நிபந்தனை பானைக்குத்தான், பசிக்கு இல்லை. வடலூர்ப் பானைக்குள் இறைச்சி போகாது; ஆனால் பந்தியில் உட்காருகிறவனிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. கொலை, புலை தவிர்த்தோர் மட்டும் உள்ளே வரலாம் என்ற விதி ஞானசபைக்கு உண்டு. தருமச்சாலைக்குக் கிடையாது. புலால் உண்போரை வள்ளலார் புறவினத்தார் என்று பிரித்து வைத்தது உண்மை. அந்தப் பிரிவினை எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் அவர்களுடைய பசியையும் தீர்த்தே ஆக வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். சாதனா வனத்திலும் அப்படித்தான். அங்கே இருக்கும் நாட்களில் அந்த உணவு. வந்தவரின் பழைய இலையைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழில் சைவம் என்ற சொல் வெறும் சாப்பாட்டைக் குறித்ததே இல்லை. அது சாதியைக் குறித்தது, தெருவைக் குறித்தது, வாடகைக்கு வீடு கிடைக்குமா என்பதைக் குறித்தது. தோலைத் தொட்டவர் என்றும் மாட்டுக்கறி தின்றவர் என்றும் ஒதுக்கப்பட்ட மக்கள்தான் இந்த வட்டாரத்துத் தோல் தொழிலைத் தங்கள் உடம்பால் தாங்கியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் போய் நின்று உன் கையில் இருப்பது பாவம் என்று ஒரு நனிசைவர் சொன்னால், அது பழைய தீண்டாமையின் புதுக் குரலாகத்தான் காதில் விழும். வேறு மாதிரி விழ வாய்ப்பே இல்லை. சாதி பாராமல் எல்லோரையும் உட்காரவைத்த வடலூர்ப் பந்தி இந்த இடத்தில் சாதனா வனத்தைவிட ஆழமாகப் போகிறது என்பது என் தீர்ப்பு. சாதனா வனத்து வட்டம் தேச எல்லைகளைக் கடந்த வட்டம்தான். ஆனால் அங்கே பொது மொழி பெரும்பாலும் ஆங்கிலம். நமக்குள்ளே இருக்கும் ஊருக்கும் காலனிக்கும் நடுவிலான கோட்டைக் கடக்கும் வேலை அந்த வட்டத்துக்கு வைக்கப்படவில்லை.

பால் விஷயத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது.

வள்ளலாரின் நித்திய கருமங்களில் பசும்பாலுக்கு இடம் உண்டு. கரிசாலை, தூதுவளை, முசுமுசுக்கை சேர்த்துக் காய்ச்சச் சொன்ன பால் அது. அவர் வாழ்ந்த காலத்தில் காளைக்கன்றுக்கு ஏர் இருந்தது, நீர் இறைக்கக் கவலை இருந்தது, வண்டி இருந்தது. பசு ஈன்றது எதுவானாலும் வீட்டுக்கு வேலையாள். இன்று உழுவது டிராக்டர், இறைப்பது மோட்டார். காளைக்கன்று பிறந்தால் பால் கறக்கிறவருக்கு அது தீவனச் செலவு. கறவை வற்றிய மாடும் அப்படியே. இரண்டும் சந்தைக்குப் போகின்றன. சந்தையிலிருந்து அவை எங்கே போகும் என்பது தோல் மண்டலத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டம்ளரில் இருக்கும் பாலுக்கும் ஷாப்பில் ஊறும் தோலுக்கும் நடுவே இருக்கும் பாதையை வேலூரில் இருந்து பார்த்தால் மிகத் தெளிவாகத் தெரிகிறது. வள்ளலார் காலத்தில் அந்தப் பாதை இவ்வளவு குறுகலாக இல்லை. அவருடைய கருணையை இன்றைய கணக்கில் வைத்துக் கூட்டினால் சாதனா வனத்துச் சமையலறைக்குத்தான் வந்து சேரும் என்று நினைக்கிறேன். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் வீகன் என்ற சொல்லைக் கண்டுபிடித்தார்கள். சொல் அங்கிருந்து வந்தது. அதற்கான காரணம் நம் தொழுவத்திலேயே இருக்கிறது.

பாலை விடுகிறவர்கள் மறக்கக் கூடாத ஒரு செய்தியும் இந்த ஊரிலிருந்தே வந்தது. 1962-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பாலையே நம்பியிருந்த சில குழந்தைகளுக்குக் கை கால் அசைவும் அறிவு வளர்ச்சியும் பின்வாங்கின. தாய்மாரின் உடம்பில் வைட்டமின் பி12 குறைந்திருந்ததே காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். பி12-ஐ உண்டாக்குபவை நுண்ணுயிரிகள். கீரையிலும் பருப்பிலும் அதை நம்ப முடியாது. நனிசைவத்துக்கு வருகிறவர், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும், மருத்துவரிடம் கேட்டு பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். அதே மருத்துவமனையின் சமூக மருத்துவப் பிரிவு பல பத்தாண்டுகளாகக் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் வீடுவீடாக வேலை செய்கிறது. கொள்கையைச் சொல்லிவிட்டு மாத்திரையைச் சொல்லாமல் விடுவது அந்த வேலைக்கே துரோகம்.

இனி நிலம். பந்திக்கு வரும் காய் எங்கே விளைகிறது?

வடலூருக்கு அரிசியும் காயும் அன்பர்கள் கொண்டுவந்து கொடுப்பவை. கொடுப்பவர் ஒருவர், உண்பவர் ஒருவர். சாதனா வனத்தில் உண்பவரே மண்ணைத் தொட்டவர். கரை கட்டிய கைதான் தட்டு கழுவுகிறது. பசியில் வாடி வந்தவனிடம் மண்வெட்டியை நீட்ட முடியாது என்பது வடலூரின் நியாயம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு வேளை சோற்றுக்கு வழியுள்ள ஒரு தெரு சேர்ந்து சாப்பிட நினைத்தால், சாதனாவின் வழி அதிகம் பொருந்தும். அங்கே முதல் பாடம் விதை இல்லை, தண்ணீர்.

தண்ணீர் என்றால் என்ன என்பதை இந்த மாவட்டம் கசப்பாகக் கற்றிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும் அதில் உண்டு. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்த வழக்கில். உப்பேறிய கிணற்றுத் தண்ணீரில் கத்தரி நாற்று எப்படிக் கருகும் என்று பாலாற்றங்கரை விவசாயியைக் கேட்டால் சொல்வார். இதற்காகத் தோலை விட்டு ரெக்ஸினுக்கு மாறுங்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ரெக்ஸின் பெட்ரோலியத்தின் பிள்ளை, அது மக்காது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் ஊறவைத்த காலம் ஒன்று இங்கே இருந்தது. குரோமியம் அதற்குப் பின்னால் வந்தது.

கணியம்பாடிக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. ஜவ்வாது மலையில் பிறந்து அமிர்திக் காட்டு வழியே வரும் நாகநதி வறண்டு கிடந்தபோது, நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஆற்றுப் படுகையிலும் ஓடைகளிலும் சிமெண்ட் உறை இறக்கி, மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் கிணறுகளை எடுத்தார்கள். சாதனா வனத்துத் தொண்டர்கள் செம்மண்ணில் செய்ததை இவர்கள் தங்கள் ஆற்றில் செய்தார்கள்.

அந்தத் தண்ணீரில் வீட்டுக்குப் பின்னால் என்ன வைக்கலாம்? அவரை, புடலை, பீர்க்குக்கு ஒரு பந்தல். வேலி ஓரம் முருங்கை. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் வாழை. கத்தரிக்கு வெளியூர் விதை தேடவே வேண்டாம். பக்கத்து அணைக்கட்டு ஒன்றியத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் முள், உள்ளே சதை மெத்தென்றிருக்கும். ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் எப்போதும் கத்தரிக்காய்தான் இருக்கும் என்பதை யோசித்தால், கறிக்குப் பேர்போன இந்த வட்டாரத்தின் நாக்கு காயை ஒருநாளும் கைவிட்டதில்லை என்று தெரியும். வயலில் கத்தரிக்கு மருந்தடிக்கவைப்பது தண்டிலும் காயிலும் துளைத்துப் போகும் புழு. பத்துச் செடி வைத்திருக்கும் வீட்டில், காலையில் ஒரு சுற்று வந்து தலை சாய்ந்த கொழுந்துகளைக் கிள்ளி எரித்தாலே பெரும்பங்கு அடங்கிவிடும்.

எரு ஒரு சிக்கல், அதை ஒளிக்கக் கூடாது. நம்மாழ்வார் பரப்பிய தமிழ் இயற்கை வேளாண்மை சாணத்தையும் ஆட்டுக்கிடையையும் நம்பியது. மாடே வேண்டாம் என்றால் சணப்பு, தக்கைப்பூண்டு, கொளுஞ்சி, இலைமக்கு, வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றுக்குத்தான் வர வேண்டும். வீட்டுத் தோட்ட அளவில் அது போதும். ஐந்து ஏக்கர் காரருக்குப் போதுமா என்று கேட்டால், சட்டென்று ஆம் என்று சொல்ல என்னால் முடியாது.

பந்திக்குத் திரும்புகிறேன். வடலூரையும் சாதனா வனத்தையும் எடைபோட்டுக்கொண்டு வந்தவனுக்கு, இரண்டும் சேர்ந்த ஒன்று ஊருக்குள்ளேயே ஏற்கெனவே நடப்பது தாமதமாகத்தான் உறைத்தது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது. வீட்டுக்கு வீடு கேழ்வரகு வாங்குகிறார்கள். இருப்பவர் படியளவு, இல்லாதவர் கையளவு. பெரிய அண்டாவில் பெண்கள் சேர்ந்து காய்ச்சுகிறார்கள். வருகிறவர் சொம்பை நீட்டினால் ஊற்றுகிறார்கள், பெயர் கேட்பதில்லை. கொடுத்தவரும் உண்பவரும் ஒரே ஆள். பானைக்குள் கேழ்வரகும் நொய்யும் உப்பும், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. அண்டாவுக்கு வெளியே சில இடங்களில் மோரும் வெங்காயமும், சில வீடுகளில் கருவாட்டுக் குழம்பும் காத்திருக்கும், சில கோயில்களில் அன்றே கிடா வெட்டும் இருக்கும். இருக்கட்டும். அண்டா மட்டும் நனிசைவம்.

அந்த அண்டாவை ஆடியோடு கவிழ்த்து வைக்காமல், மாதம் ஒரு ஞாயிறு எடுக்கலாம். ஷூ கம்பெனிக்கு அன்று விடுமுறை. கேழ்வரகோடு அவரவர் பந்தலில் மிஞ்சிய அவரையும் கத்தரியும் வரட்டும். பல ஊர்களில் ஊர்த்தெரு மாரியம்மனுக்கு ஒரு அண்டா, காலனி மாரியம்மனுக்கு ஒரு அண்டா. எந்தத் தெருவில் அடுப்பு வைப்பது என்ற பேச்சு முதலில் வரும். என்னைக் கேட்டால், முதல் ஞாயிறு காலனியில் வைக்க வேண்டும். ஊர்த்தெருவிலிருந்து சொம்பை எடுத்துக்கொண்டு நடந்து போக வேண்டும்.