உருண்டையாக இல்லாத கட்டிகள்

மெத்தையின் மேல் 12 உருண்டைகள். அவற்றை மூடிய நுரை ரப்பர் விரிப்பு. அனுபவம் வாய்ந்த புற்றுநோய் மருத்துவர்கள் 16 பேர் நோயாளியின் வயிற்றைத் தடவிப் பார்ப்பதுபோலத் தடவி, அடியிலிருந்த ‘கட்டி’களின் குறுக்களவை எழுதினார்கள். மேயோ கிளினிக்கின் சார்லஸ் மோர்ட்டலும் புள்ளியியலாளர் ஜேம்ஸ் ஹேன்லியும் 1976-ல் வெளியிட்ட சோதனை இது. உருண்டைகளில் இரண்டு ஜோடிகள் ஒரே அளவு. அங்கேதான் வினை வந்தது: ஒரே அளவுள்ள இரண்டுக்கு ஒரே மருத்துவரே வெவ்வேறு அளவு எழுதினார். கட்டி 25 சதவீதம் சுருங்கினாலே மருந்து கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், துளியும் சுருங்காத கட்டிகளில் 19 முதல் 25 சதவீதம் வரை சுருங்கியதாகக் கணக்கில் ஏறிவிடும். வரம்பை 50 ஆக உயர்த்தியபோது பிழை 7, 8 சதவீதத்துக்கு இறங்கியது.

1979-ல் உலக சுகாதார நிறுவனத்தின் விதியும் அந்த ஐம்பதையே வைத்தது: நீளத்தை அகலத்தால் பெருக்கி, பாதியானதா என்று பார்க்க வேண்டும். 2000-ல் வந்த ரெசிஸ்ட் விதி அகலத்தையும் விட்டுவிட்டது. மிக நீளமான விட்டம் 30 சதவீதம் குறைந்தால் போதும். உருண்டைக்கு இரண்டும் ஒரே கணக்குதான், விட்டம் 0.7 மடங்கானால் பரப்பு 0.49.

ஆனால் உடம்பில் வளரும் கட்டி உருண்டையாக இருப்பது அபூர்வம். மார்பக எக்ஸ்ரேயில் ஓரம் முள்முள்ளாக நீண்டிருந்தால் ரேடியாலஜிஸ்ட் உடனே சந்தேகப்படுவார். அந்த முட்களுக்கு விதிப் புத்தகத்தில் எண் கிடையாது. இது பெரிய இழப்பு.

உருவத்துக்கான கணிதம் வளர்ந்தது வேறு இடத்தில். இங்கிலாந்தின் கார்ன்வாலில் பழங்கால மக்கள் நட்ட கற்கள் நேர்கோட்டில் அமைந்தது தற்செயலா என்ற கேள்வி கேம்பிரிட்ஜின் டேவிட் கெண்டாலை இழுத்தது. இடம், அளவு, திருப்பம் மூன்றையும் கழித்தபின் மிஞ்சுவதே உருவம் என்றார்; 1984-ல் அதற்கு முழுமையான கணிதம் தந்தார். அதே காலத்தில் பிரெட் புக்ஸ்டைன் மண்டையோட்டு எக்ஸ்ரேக்களில் அடையாளப் புள்ளிகளைக் குறித்து ஒப்பிட்டார். முகத்தில் மூக்கு நுனி உண்டு, கண்ணோரம் உண்டு. கட்டியில் என்ன உண்டு? ஒருவர் கட்டியின் மேட்டுக்கு இன்னொருவர் கட்டியில் எது இணை என்று சொல்ல வழியில்லை.

2020-ல் லோரின் க்ராஃபோர்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு புள்ளிகளையே கைவிட்டது. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியின் எம்.ஆர்.ஐ. படத்தை ஒரு திசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு போகிறார்கள். ஒவ்வொரு மட்டத்திலும் துண்டுகளை எண்ணி, ஓட்டைகளைக் கழிக்கிறார்கள். பல திசைகளிலும் இதையே செய்தால் கட்டியின் உருவம் வளைகோடுகளாகக் கிடைக்கிறது. இந்தக் கட்டியின் நடுப்பகுதி அடிக்கடி செத்துப்போகும். அதனால் ஓட்டைகளின் கணக்கு முக்கியமானது. நோய் திரும்பாத காலத்தை இந்த உருவக் கணக்கு மரபணுத் தரவைவிட நன்றாகக் கணித்தது.

இதற்கெல்லாம் முதலில் கட்டியின் எல்லையை வரைய வேண்டும். மூளைக் கட்டியின் எல்லையைக் கணினி வரைவதற்காக 2012-ல் தொடங்கிய பிராட்ஸ் போட்டிக்காக நிபுணர்கள் ஒரே மூளைக் கட்டியை வரைந்தபோது, பகுதிக்கேற்ப 74 முதல் 85 சதவீதம்தான் ஒத்துப்போனது. 2009-ல் திருத்தப்பட்ட ரெசிஸ்ட் விதி இன்னும் அதிகபட்சம் ஐந்து கட்டிகளின் விட்டத்தைக் கூட்டிப் பார்ப்பதோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.