அழைப்பிதழில் ‘௵’ கட்டமாக மாறாமல் இருக்க: வேர்டில் சிறப்புக் குறிகளைத் தட்டச்சு செய்யும் முறை

கோயில் திருவிழா அறிக்கை, திருமண அழைப்பிதழ், தமிழ்ப்பள்ளித் தேர்வுத்தாள் ஆகியவற்றை வீட்டுக் கணினியிலேயே தயாரிப்பவர்கள் இன்று பலர். தமிழ் எழுத்துகளைத் தட்டச்சு செய்வதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. ஆண்டைக் குறிக்கும் ௵, பாகைக் குறி °, வகுத்தல் குறி ÷ போன்றவை வரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. சிலர் இணையத்திலிருந்து படமாக எடுத்து ஒட்டுகிறார்கள். அச்சகத்தில் அந்தப் படம் மங்கலாக விழுகிறது.

இந்தக் குறிகள் எல்லாம் யூனிகோடில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. எண் தெரிந்தால் மைக்ரோசாப்ட் வேர்டில் நேரடியாகத் தட்டச்சு செய்யலாம்.

ஆல்ட் விசை முறை

விண்டோஸ் கணினியில் விசைப்பலகையின் வலப்பக்கம் இருக்கும் எண் பகுதியைப் பயன்படுத்த வேண்டும். மேல்வரிசை எண்களால் இது நடக்காது. முதலில் ‘நம் லாக்’ விசையை இயக்க வேண்டும். பிறகு ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி எண்ணைத் தட்டி, ஆல்ட் விசையை விட்டால் குறி தோன்றும்.

பள்ளி, அலுவலகப் பயன்பாட்டுக்கு:
° – 0176
² – 0178
¼ – 0188
½ – 0189
¾ – 0190
× – 0215
÷ – 0247
√ – 8730
₹ – 8377
✓ – 10003

முதல் ஏழு குறிகளுக்கு முன்னால் வரும் சுழியத்தை விட்டுவிடக் கூடாது. 0176 என்று தட்டினால் பாகைக் குறி வரும். 176 என்று தட்டினால் புள்ளிகள் நிறைந்த ஒரு கட்டம் வரும்.

தமிழ்க் குறிகளுக்கு:
௳ (நாள்) – 3059
௴ (மாதம்) – 3060
௵ (வருடம்) – 3061
௶ (பற்று) – 3062
௷ (வரவு) – 3063
௸ (மேற்படி) – 3064
௹ (ரூபாய்) – 3065
ௐ (ஓம்) – 3024

தமிழ் எண்கள் 3046இல் தொடங்குகின்றன. ௦ – 3046, ௧ – 3047 என வரிசையாகச் சென்று ௯ – 3055இல் முடிகின்றன. அடுத்து ௰ (பத்து) – 3056, ௱ (நூறு) – 3057, ௲ (ஆயிரம்) – 3058. பழைய முறையில் 2025ஆம் ஆண்டை ௨௲௨௰௫ என எழுத வேண்டும். இன்றைய இடமதிப்பு முறையில் ௨௦௨௫ என்று எழுதினால் போதும். ஒரே அழைப்பிதழில் இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது.

எண் பகுதி இல்லாத மடிக்கணினியில்

வேர்டில் ‘செருகு’ பட்டியலைத் திறந்து, ‘குறியீடு’, பிறகு ‘மேலும் குறியீடுகள்’ என்பதைத் தேர்வு செய்யலாம். எழுத்துருவை நிர்மலா என்று மாற்றி, தமிழ்ப் பிரிவுக்குச் சென்றால் மேலே கண்ட குறிகள் வரிசையாகத் தெரியும். மேக் கணினியில் கண்ட்ரோல், கமாண்ட், இடைவெளி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் குறிகளின் பட்டியல் திறக்கும்.

ஒரே குறியை அடிக்கடி பயன்படுத்துவோர் அதே ‘குறியீடு’ சாளரத்தில் உள்ள தானியங்கித் திருத்த வசதியை நாடலாம். ‘வரு//’ என்று தட்டினால் ௵ ஆக மாறும்படி ஒருமுறை பதிந்து வைத்தால், அடுத்த முறை எண்ணை நினைவில் வைக்க வேண்டியதில்லை. 1/2 என்று தட்டி இடைவெளி விட்டால் வேர்ட் தானாகவே ½ ஆக்குவதும் இதைப் போன்ற வசதிதான். 1/3க்கு அப்படி மாறாது.

பலரும் செய்யும் தவறு

தமிழ் எண்களில் சில, எழுத்துகளைப் போலவே இருக்கும். ௧ – க, ௨ – உ, ௭ – எ, ௮ – அ ஆகியவை கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு வெவ்வேறு. எண்ணுக்குப் பதிலாக எழுத்தைத் தட்டினால் தாளில் வேறுபாடு தெரியாது. ஆனால் கோப்பில் அந்த ஆண்டைத் தேடும்போது கிடைக்காது. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளும் அதை எண்ணாக வாசிக்காது. பார்வையற்றோருக்கும் போய்ச் சேரும் அறிக்கைகளில் இது முக்கியம். அதேபோல, அழைப்பிதழின் தலைப்பில் இடும் பிள்ளையார் சுழிக்கு உ என்ற எழுத்தே சரி. அங்கே ௨ என்ற எண் வேண்டாம்.

இன்னொரு சிக்கல், விங்டிங்ஸ் போன்ற பட எழுத்துருக்கள். அவற்றில் தொலைபேசிப் படமாகத் தெரிவது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறோர் எழுத்தாகவோ வெற்றுக் கட்டமாகவோ மாறிவிடும். யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளுக்கும் இதே கதிதான். யூனிகோட் குறியில் அந்த ஆபத்து குறைவு. பெறுபவரின் கணினியில் அந்தக் குறியைக் கொண்ட ஏதாவது ஒரு தமிழ் எழுத்துரு இருந்தாலே போதும்.

௳ முதல் ௺ வரையிலான குறிகள் 2003இல் யூனிகோடில் சேர்ந்தன. தமிழ்ச் சுழியம் 2005இலும், ௐ 2008இலும் வந்தன. முந்திரி, மாகாணி, அரைக்கால் போன்ற பழைய பின்னங்களுக்கு 2019இல்தான் தனிப் பகுதி கிடைத்தது. அவற்றைக் காட்டும் எழுத்துருக்கள் இன்னும் குறைவு என்பதால், பழைய கணக்கேடுகளைப் பதிவு செய்வோர் அதற்கென உள்ள நோட்டோ எழுத்துருவை நிறுவிக்கொள்ள வேண்டும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றுவது பாதுகாப்பானது. மாற்றிய கோப்பைக் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். கட்டம் ஏதும் தெரியாவிட்டால் அச்சுக்குக் கொடுக்கலாம். ஐந்நூறு அழைப்பிதழ் அச்சான பிறகு தெரியும் பிழையைத் திருத்த வழியில்லை.