இமேஜ் என்றால் படமா?

கடலூரில் டிப்ளமோ படிக்கும் பையன் ஒருவனின் செய்முறைக் குறிப்பில் ‘கோப்பு முறைமைப் படம்’ என்றிருந்தது. ரௌட்டர் போன்ற கருவிகளின் பிளாஷ் நினைவகத்தில் ஏற்றும் ‘இமேஜ்’தான் அது. அதில் பார்க்கப் படம் எதுவுமில்லை. சில்லில் எப்படி அமர வேண்டுமோ அதே அடுக்கில் எல்லாக் கோப்புகளும் திரண்ட ஒற்றைக் கோப்பு. இலத்தீன் ‘இமாகோ’வுக்கு ஒப்புரு என்பதே பொருள், ரோமானியர் வீட்டில் வைத்த முன்னோரின் மெழுகு முகங்களுக்கும் அதுவே பெயர். நம் ‘படிமம்’ வடமொழிப் ‘பிரதிமா’வின் வழி வந்தது. தெய்வத் திருவுருவைக் குறித்தது. ‘படிமக்கலம்’ என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. புதுக்கவிதைக்காரர்கள் ‘படிமம்’ என்ற சொல்லுக்கு இன்னொரு வேலை கொடுத்தார்கள்: கவிதை மனத்தில் எழுப்பும் காட்சிக்கு அதைப் பெயராக்கினார்கள். நகல் என்ற பொருளில் ‘படி’ என்றே சொல்லலாமே என்று எனக்கும் ஆசைதான். சிதம்பரம் கோயில் கல்வெட்டுமேல் ஈரத்தாளை ஒற்றி, தூரிகையால் அடித்து, மை தட்டி எடுப்பது மைப்படி. எழுத்தின் பள்ளம்கூடத் தாளில் பதியும். படி அளவையும் குறிக்கும். பையனின் இமேஜ் ஏறாத கோளாறும் அளவில்தான்: 128 கிலோபைட் அழிப்புத் தொகுதியும் 2048 பைட் பக்கமும் உள்ள அவனுடைய நாண்ட் சில்லில், பிளாஷை நிர்வகிக்கும் யுபிஐ (UBI) அடுக்கின் தலைப்புகளுக்கு இரண்டு பக்கம் போக ஒவ்வொரு தொகுதியிலும் மிஞ்சுவது 1,26,976 பைட். அவன் இமேஜ் செய்யும்போது அந்த இடத்தில் முழுத் தொகுதியின் அளவான 1,31,072 என்று கொடுத்திருந்தான், மவுண்ட் ஆகவில்லை. இப்படிப் பொருந்தினாலும், மாடிப்படி, அகவிலைப்படி நடுவே வெறும் ‘படி’ தொலைந்துபோகும். ‘வட்டுப் படிமம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. ‘பிளாஷ் படிமம்’ என்றே எழுதலாம்.