எழுதிய பலகையும் எழுதாத பலகையும்

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பழைய எனாமல் தகடுகளும் கையால் எழுதிய தகரப் பலகைகளும் விலைக்குக் கிடைக்கின்றன. நட்சத்திர விடுதிகள் அவற்றை வாங்கிச் சுவரில் மாட்டி அழகு பார்க்கின்றன. எழுத்தின் வளைவும் நிழலும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பலகை என்பது முதலில் ஒரு வாசகம். அது யாரை உள்ளே அழைத்தது, யாரை வாசலோடு நிறுத்தியது என்பதே நம் கேள்வி.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் நம் நகரங்களில் ‘பிராமணாள் ஹோட்டல்’, ‘பிராமணாள் காபி கிளப்’ என்ற பலகைகள் சாதாரணம். ‘பிராமணர்’ என்றுகூட எழுதவில்லை, கவனியுங்கள். தம் வீட்டுப் பேச்சில் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட மரியாதை விகுதியை ஊரார் எல்லாரும் வாசிக்கும்படி தெருவில் தொங்கவிட்டார்கள். ரயில் நிலைய உணவகங்களிலும் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம். சுயமரியாதை இயக்கத்தின் நெடுநாள் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் வந்தது. ஆனாலும் பலகைச் சொல் அப்படியே இருந்தது. 1957இல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு மறியலைத் தொடங்கினார். கடையை மூடச் சொல்லவில்லை, ஒரே ஒரு சொல்லை அழிக்கச் சொன்னார். தொண்டர்கள் மாதக்கணக்கில் கைதாகிச் சிறை சென்ற பிறகே அந்தச் சொல் போனது. ஒரு தூரிகை இழுப்பில் முடிகிற வேலைக்கு இத்தனை சிறை!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலகை நகரத்தின் தேவை. முகம் தெரியாதவர்கள் வந்துபோகிற தெருவில்தான் சாதியை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைக்கு அது எதற்கு? யார் எந்தத் தெரு என்று கடைக்காரருக்குத் தெரியும். கூரையில் செருகிய தனிக் குவளையே அங்கே பலகை. அதை எந்தப் பழம்பொருள் சேகரிப்பாளரும் வாங்கி மாட்டவில்லை. எனவே பழைய பலகைகளை மட்டும் வைத்து எழுதப்படும் தெரு வரலாற்றில் நம் மக்கள்மீது விழுந்த பெருந்தடை பதிவாகாது.

நாமும் பலகை எழுதினோம். சேரி முகப்பில் நீலப் பின்னணியில் மன்றத்தின் பெயர், பக்கத்தில் கோட்டும் கண்ணாடியுமாக அம்பேத்கர். சினிமா பேனருக்குப் புகைப்படத்தில் கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்கும் அதே முறையில்தான் அவர் முகமும் நம் சுவர்களுக்கு வந்தது. இந்தப் பலகை ‘உள்ளே வராதே’ என்று யாரையும் சொல்லவில்லை. ‘இங்கே இருக்கிறோம்’ என்றது. அதற்கே பல ஊர்களில் தகராறு.

பிளெக்ஸ் வந்த இருபது ஆண்டுகளில் தகரப் பலகைகள் பெரும்பாலும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. இங்கு வந்திருக்கும் மாணவர்கள் ஊர் திரும்பியதும் மிஞ்சியிருப்பவற்றைப் படமெடுங்கள். மூலையில் சிறிதாக எழுதிய ஓவியர் பெயர் தெளிவாகத் தெரியட்டும். அவர் உயிரோடிருந்தால், எந்தக் கடைகளுக்கு என்னென்ன எழுதச் சொன்னார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.