திருச்சுழியற் பள்ளிமடம்: பெயரும் வரலாறும்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, வானம் பார்த்த நிலத்தினூடே செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடப்பது. அதன் கரையிலுள்ள ஊர்க்குத் திருச்சுழியல் என நீர்ச்சுழியாற் பெயர் அமைந்தது வியப்பன்றோ! ஊழிவெள்ளத்தை இறைவன் சுழித்து நிலத்துட் புகச் செய்தான் என்பது தலபுராணம். மழைக்காலத்து ஆற்றைக் கண்டார்க்கு அப்பெயர் புதுமையாகத் தோன்றாது.

இங்குள்ள திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பாடல் பெற்றது. பாண்டிநாட்டுப் பதினான்கு பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. இரமண மகரிஷி 1879-இல் பிறந்ததும் இவ்வூரிலேயே. இவை பலரும் அறிந்தவை. வழிபடுவோர் கண்டு மீள, ஆராய்வோர் பெரிதும் கருதாது விடுவது அருகிலுள்ள பள்ளிமடம் என்னும் சிற்றூரும் அதன் காளைநாதர் கோயிலுமே ஆகும்.

பள்ளிமடம் என்னும் பெயர்க்கு இருவகை விளக்கம் கூறுவர். சுந்தரர் இத்தலத்தில் துயின்றபோது, இறைவன் காளைவடிவிற் கனவில் தோன்றித் தன் இருப்பிடம் கானப்பேர் என்று உணர்த்தியதாகச் சேக்கிழார் பாடுகின்றார். அதுபற்றி, அவர் பள்ளிகொண்ட மடமே பள்ளிமடம் என்பர் ஒருசாரார். கானப்பேர் இக்காலத்துக் காளையார்கோயில் என்பதும், ஈண்டும் இறைவன் பெயர் காளைநாதர் என்பதும் இதற்கு அரண் செய்வன போலும். பள்ளி சமணர் உறைவிடம் என்பர் பிறிதொரு சாரார்.

கல்வெட்டுகளோ வேறு கூறுகின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் பதினான்காம் தொகுதியில் வெளிவந்த இவ்வூர்ச் சாசனங்கள் இக்கோயிலைத் திருச்சுழியற் பள்ளிப்படைச் சுந்தரபாண்டிய ஈசுவரம் எனக் குறிக்கின்றன. பள்ளிப்படையாவது இறந்த அரசரைப் பள்ளிப்படுத்த இடத்தில் எழுப்பிய கோயில். பட்டீச்சரத்துப் பஞ்சவன்மாதேவி ஈசுவரம் முதலிய சோழர் பள்ளிப்படைகளை நாம் நன்கறிவோம். பாண்டியர்க்கு உரியதொன்று கிடைத்தல் அரிது. சாசனங்கள் பல பத்தாம் நூற்றாண்டினனாகிய சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்தன. ஆகவே, ஈண்டுப் பள்ளிப்படுத்தப்பெற்ற சுந்தரபாண்டியன் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பெருவேந்தருள் ஒருவன் அல்லன் என்பது ஒருதலை. பெயரொற்றுமை கண்டு மயங்குதல் கூடாது. அவ்வீரபாண்டியன் தலையைப் பின்னர் ஆதித்த கரிகாலன் கொண்டான். ஆயினும், அவன் நாளில் சாவா மூவாப் பேராடு விட்டு எரித்த விளக்குகளின் செய்தி கல்லில் நின்றது. பயிர்த்தொழில் மழையை நம்பிய நாட்டில் அறக்கொடை ஆட்டு மந்தையாக அமைந்தது இயல்பே.

எனவே பள்ளிப்படை என்னும் சொல்லே மருவிப் பள்ளிமடத்தின் முற்பகுதியாய் நின்றது எனக் கொள்வேம். அரசன் மறைவு மறந்தபின், அடியார் துயின்ற கதை அப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது போலும்.

ஆயினும் சமணத் தொடர்பை முற்றும் விலக்குதற்கில்லை. வெண்புநாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சுட்டும் கல்லும் இக்கோயிலில் உளது. அப்பள்ளியின் மாணாக்கர் மதுரைச் சமணமலைச் சாசனங்களிலும் பேசப்படுகின்றனர். அது குறண்டியினின்று பெயர்த்துவந்து திருப்பணிக்குப் பயன்படுத்திய கல் ஆதல் வேண்டும். அவ்வாறாயின், அக்கல் குறண்டியின் வரலாற்றுக்குச் சான்றாகுமேயன்றிப் பள்ளிமடத்தின் பெயர்க்குச் சான்றாகாது.