பட்டை வயர்ல ஆரம்பிச்சு கண்ணாடி நூல் வரைக்கும்: எங்க ஊரு டிவி வயர் வரலாறு

மிளகாய்க்கு ரெண்டாம் களை எடுத்து முடிச்சாச்சு. ரெண்டு நாள் ஓய்வு கிடைச்சதால இந்தப் பதிவு.

ஊருக்கு டிவி வந்த கதையை எல்லாரும் எழுதிட்டாங்க. நான் எழுதப் போறது டிவிக்குப் பின்னால தொங்குற வயரோட கதை. வயர்ல என்ன வரலாறுன்னு சிரிக்காதீங்க. எங்க ஊர்ல யாரு உள்ள உக்காந்து படம் பாத்தாங்க, யாரு சன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னு பாத்தாங்கங்கிறது பாதி அந்த வயரோட நீளத்துலதான் இருந்துச்சு. மீதி பாதி எதுல இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

இந்தியாவுல டிவி 1959ல டெல்லியில ஆரம்பிச்சது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15ல வந்துச்சு. அதே வருசம் ஆகஸ்ட்டுல அமெரிக்காக்காரன் செயற்கைக்கோளை வெச்சு ஆறு மாநிலத்துல 2400 கிராமத்துக்குப் பொது டிவி குடுத்தாங்க. அந்த ஆறுல தமிழ்நாடு கிடையாது. நாங்க இருக்கிறது ராமநாதபுரம் கடலோரம். சென்னை எங்களுக்கு நேர்கோட்டுல பாத்தாலே 400 கிலோமீட்டருக்கு மேல. அதனால எங்க ஊருக்கு முதல்ல வந்த படம் சென்னைப் படம் இல்லை, இலங்கைப் படம்.

ரூபவாஹினி 1982 பிப்ரவரியில ஆரம்பிச்சாங்க. அவங்க கோபுரம் இருக்கிற பீதுருதாலகால மலை அந்த நாட்டிலேயே உசரமான மலை, 2524 மீட்டர். காத்து நல்லா இருக்கிற ராத்திரியில படம் கண்ணாடி மாதிரி விழும். மறுநாள் வெறும் புள்ளிதான். சிங்களச் செய்தியை ஒரு வார்த்தை புரியாம உக்காந்து பாத்த கூட்டம் நாங்க.

அதுக்கு ஆண்டெனா நாப்பதடி உசரத்துல நிக்கணும். மீன்முள்ளு மாதிரி இருக்குமே, அது ஜப்பான்ல யாகி, உடா-ன்னு ரெண்டு பேராசிரியர்கள் 1926 வாக்குல கண்டுபிடிச்சது. அங்கருந்து வீட்டுக்குள்ள வர்றது பட்டை வயர். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு செம்புக் கம்பி, நடுவுல பிளாஸ்டிக் பட்டை. விலை கம்மி, காய்ஞ்சிருந்தா சிக்னல் அதிகம் குறையாது. ஆனா மழை பட்டா போச்சு, இரும்புக் குழாய் மேல ஒட்டுனாலும் போச்சு. அதனாலதான் அந்தக் காலத்துல குழாயில குச்சி கட்டி, வயரை ஒரு சாண் தள்ளி இழுத்துட்டு வருவாங்க. அது ஏன்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. வந்து கட்டுனவருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா சரியாத்தான் கட்டியிருந்தாரு.

பஞ்சாயத்து டிவி வந்தப்ப அதைச் சாவடியில வெச்சாங்க. சாவடி மேலத்தெருவுல. கீழத்தெருச் சனங்க சாவடி படி ஏற மாட்டாங்க, ஏற விட மாட்டாங்கன்னு சொல்றதுதான் நேர்மை. வேப்பமரத்தடியில பொதுவுல வைக்கலாம்னு ஒரு வாத்தியார் சொன்னாரு. "வயர் எட்டாது" ன்னாங்க. சாவடியிலருந்து வேப்பமரம் முப்பது தப்படி. நாப்பதடி கம்பத்துலருந்து கீழ வந்த வயருக்கு முப்பது தப்படியா கஷ்டம்? யாரும் கேக்கலை. அப்ப எனக்குப் பதிமூணு, பதினாலு வயசு. நானும் உள்ளதான் உக்காந்திருந்தேன்.

எண்பதுகளோட கடைசியில கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகு இலங்கையை விட்டுட்டோம். ஆண்டெனா திசை மாறுச்சு, அவ்வளவுதான். ராமாயணம், ஒளியும் ஒலியும் எல்லாம் நீங்க பாத்ததுதான், நான் சொல்ல ஒண்ணுமில்லை.

நடுவுல ஒரு நல்ல காலம் வந்துச்சு, டெக் காலம். கோயில் திருவிழாவுக்கு டவுன்லருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும், ராத்திரி முழுக்க மூணு படம். டெக்குலருந்து டிவிக்குப் போற மஞ்ச வயர் இருக்கு பாருங்க, அது ரொம்ப நல்ல வயர். அதுல போற சிக்னல் அஞ்சு மெகாஹெர்ட்ஸ் அளவுதான், இருபது மீட்டர் இழுத்தாலும் படம் பெருசா மங்காது. அதனால டெக் ஒரு வீட்டுத் திண்ணையில, டிவி நடுப் பொட்டல்ல. முதமுதலா ரெண்டு தெருவும் ஒரே மண்ணுல உக்காந்து படம் பாத்தது அப்பத்தான். தள்ளித்தள்ளித்தான் உக்காந்தோம். ஆனா யாரும் நிக்கலை.

அப்புறம் கேபிள். 1991 வளைகுடாப் போர் சமயத்துல டவுன்ல டிஷ் வந்துச்சு. 1993 தமிழ்ப் புத்தாண்டுக்கு சன் டிவி ஆரம்பிச்ச பிறகு எங்க ஊருக்கும் வயர் வந்துச்சு. கறுப்பு வயர். நடுவுல ஒத்தைச் செம்புக் கம்பி, சுத்தி வெள்ளைப் பஞ்சு மாதிரி பிளாஸ்டிக், அதைச் சுத்திக் கம்பிவலை. இந்த அமைப்புக்கு இங்கிலாந்துல ஹெவிசைடுங்கிறவரு 1880லயே காப்புரிமை வாங்கிட்டாரு. பதினாறு வயசோட பள்ளிக்கூடத்தை விட்டவரு, தந்தி ஆபீசுல வேலை பாத்து, தானா கணக்குப் படிச்சவரு. நான் பிளஸ் டூ தாண்டலைன்னு யாராச்சும் சொன்னா அவரைத்தான் நினைச்சுக்குவேன்.

இந்த வயருக்கு மழை, இரும்பு எதுவும் பயமில்லை. ஆனா தூரம் போகப் போக சிக்னல் தேயும். சேனல் நம்பர் ஏற ஏற, அதாவது அலைவரிசை கூடக் கூட, இன்னும் வேகமாத் தேயும். மெல்லிசு வயர்ல தேய்மானம் அதிகம், தடிப்பு வயர்ல கம்மி. அதுக்குத்தான் நடுநடுவுல ஆம்ப்ளிஃபயர் பெட்டி. அந்தப் பெட்டிக்குக் கரண்ட் யாரு வீட்டுலருந்து போகுதோ அந்த வீட்டுக்கு மாசக் காசு கிடையாது. இதுக்கே எங்க ஊர்ல ரெண்டு பங்காளிக்குள்ள பேச்சுவார்த்தை நின்னுபோச்சு.

கேபிள்காரரு வயரைப் பிள்ளையார் கோயிலோட நிறுத்திட்டாரு. கீழத்தெருவுக்குக் கேட்டா, "தூரம் அதிகம், சிக்னல் இழுக்காது". அப்ப கண்மாய்க்கு அந்தப் பக்கம் தோப்பு வீட்டுக்கு எப்படிப் போச்சு? அது கீழத்தெருவை விட ரெண்டு பங்கு தூரம். கீழத்தெருவுல சிங்கப்பூர்ல எலக்ட்ரீசியன் வேலை பாத்துட்டு வந்த ஒரு அண்ணன் இருந்தாரு. அவரு ஒரு நாள் டீக்கடையில எல்லாரு முன்னாடியும் கணக்குப் போட்டுக் காட்டுனாரு. நூறு மீட்டருக்கு இவ்வளவு தேயும், கோயில் பக்கம் ஒரு ஆம்ப்ளிஃபயர் வெச்சா தெருக்கோடி வரைக்கும் போகும், கரண்டு என் வீட்டுலருந்து எடுத்துக்கங்கன்னாரு. கேபிள்காரரு பதில் சொல்லலை. தெருவே காசு போட்டு வயர் வாங்கிக் குடுத்த பிறகுதான் இழுத்தாங்க, அதுக்கு நாலு வருசம் ஆச்சு. வயரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதுல முக்காவாசி அந்த அண்ணன் சொல்லிக் குடுத்ததுதான்.

2004 கடைசியில தூர்தர்ஷன் இலவச டிஷ் கொண்டு வந்தாங்க. 2006லருந்து அரசு கலர் டிவி குடுத்துச்சு, 14 இன்ச்சு. கீழத்தெருவுல வீட்டுக்கு வீடு குடை முளைச்ச மாதிரி டிஷ். கூரையிலருந்து டிவிக்கு பத்து மீட்டர் வயர் போதும், அடுத்த தெருவைத் தாண்டி எதுவும் வர வேண்டியதில்லை. அந்த வருசத்தோட சாவடி டிவியை யாரும் போடுறதில்லை. சாவடிப் படியில ஏறுற பிரச்சினை முடியலை, அதுக்குத் தேவைதான் இல்லாமப் போச்சு.

இப்ப இருக்கிறது ஹெச்டிஎம்ஐ. 2002 டிசம்பர்ல ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா கம்பெனிகள் ஏழு சேர்ந்து கொண்டு வந்தது. படமும் சத்தமும் ஒரே வயர்ல. ஆனா பழைய மஞ்ச வயர் குணம் இதுக்குக் கிடையாது. அந்த வயர் நீளமானா படம் கொஞ்சம் கொஞ்சமா மங்கும், பாத்துச் சமாளிச்சுக்கலாம். இது எண்ணாப் போற சிக்னல், வந்தா முழுசா வரும், எல்லை தாண்டினா மின்னிட்டு அணைஞ்சிடும். 4கே படம் 60 பிரேம்ல போகணும்னா நொடிக்கு 18 கிகாபிட் ஓடணும். சாதா செம்பு வயர்ல அது அஞ்சு, ஆறு மீட்டருக்கு மேல நம்ப முடியாது. படம் தெளிவாக ஆக வயர் குட்டையாப் போச்சு.

2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்குப் படிப்பகத்துப் பசங்க ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தாங்க. அதே பொட்டல்ல திரை, பதினஞ்சு மீட்டர் வயர். அட்டையில 4கேன்னு போட்டிருந்துச்சு. டாஸ் போடுற நேரத்துல திரை மின்னி மின்னி அணையுது. ரெண்டு தெருவும் வந்து உக்காந்திருக்கு. சிங்கப்பூர் அண்ணனுக்கு இப்ப எழுபது வயசு கிட்ட. எந்திரிச்சு வந்து, செட்டாப் பாக்ஸ்ல 4கேயை எடுத்துட்டு 1080க்கு இறக்குங்கடான்னாரு. இறக்குனதும் படம் நின்னுச்சு. ஆட்டத்துல தோத்தது வேற விசயம்.

வயர் வாங்கப் போறவங்க கேக்குறதால சொல்றேன். அஞ்சு மீட்டருக்குள்ளன்னா நல்ல செம்பு வயர் போதும், தங்க முலாமுக்குக் காசு கூடக் குடுக்க வேண்டாம். அலுமினியத்துல செம்பு பூசின வயர் வரும், கையில லேசா இருக்கும், நீளத்துக்கு ஆகாது. பத்து பதினஞ்சு மீட்டர் வேணும், 1080 போதும்னா தடிப்பான செம்பு வயர் பாருங்க, கடையிலயே போட்டுக் காட்டச் சொல்லுங்க. 4கேதான் வேணும்னா ஒளி வயர். உள்ள கண்ணாடி நூல்ல வெளிச்சமா ஓடும், முப்பது மீட்டர்னாலும் கவலையில்லை. ஆனா அது ஒரு பக்கமாத்தான் ஓடும், முனையை மாத்திச் சொருகுனா படம் வராது. நெட்வொர்க் வயர்ல அனுப்புற பெட்டி ஜோடியும் இருக்கு, வீடு கட்டும்போது சுவருக்குள்ள போடுறவங்களுக்கு அது நல்லது. எதைப் போட்டாலும் குழாய்க்குள்ள போடுங்க. அடுத்த வயர் வரும்போது சுவரை உடைக்க வேண்டாம்.

போன பொங்கலுக்குப் படிப்பகத்துல இருபது மீட்டர் ஒளி வயர் ஒண்ணு வாங்கியிருக்கோம், ரெண்டு தெருவும் காசு போட்டது. செட்டாப் பாக்ஸ் பக்கத்து முனையில சிவப்பு நூல் கட்டியிருக்கு. சாவி அண்ணன் வீட்டுல இருக்கு. வாங்கிட்டுப் போறவங்க மாட்டுக் கயிறு மாதிரி முறுக்கிக் கட்டாம, பெரிய வளையமாச் சுத்திக் கொண்டு வந்து வெச்சிடுங்க.