தூங்கும் அழகியின் மறுபாதி

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியோடு உட்கார்ந்து வால்ட் டிஸ்னியின் 'ஸ்லீப்பிங் பியூட்டி' படத்தைப் பார்த்தேன். 1959-ல் வெளிவந்த படம். முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன். "அதான் ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்களே தாத்தா" என்றாள். நான் படித்த கதையில் அது பாதி வழிதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு இந்தக் கதை 'லா பெல் ஓ புவா தொர்மான்'. எழுதியவர் ஷார்ல் பெரோ. 1697-ல் பாரிசில் வெளியான அவருடைய கதைத் தொகுப்பில் இது இருக்கிறது. சிண்டரெல்லா, சிவப்புக் குல்லாய்ச் சிறுமி, பூட்ஸ் போட்ட பூனை எல்லாம் அதே புத்தகம்தான். பெரோ முழுநேரக் கதாசிரியர் அல்லர். பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேரிடம் ஏறக்குறைய இருபது ஆண்டு உத்தியோகம் பார்த்தவர். கோல்பேர் இறந்தபின் பதவி போயிற்று. இந்தப் புத்தகம் வந்தபோது அவருக்கு 69 வயது. ஓய்வுபெற்றபின் எழுத உட்கார்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு அவர் முன்னோடி!

படத்துக்கும் கதைக்கும் உள்ள வேற்றுமைகளைச் சொல்கிறேன். படத்தில் இளவரசி தூங்குவது ஓர் இரவுகூட இல்லை. பெரோவில் முழுதாக நூறு ஆண்டு. படத்தில் இளவரசன் டிராகனாய் மாறிய சூனியக்காரியைக் கொன்று, முத்தமிட்டு எழுப்புகிறான். பெரோவின் இளவரசனுக்கு அந்தச் சிரமமே இல்லை. நூறு ஆண்டு நிறைந்த நாளில் வந்ததால் முட்புதர்கள் தாமாக விலகி வழிவிடுகின்றன. அவன் பக்கத்தில் மண்டியிடுகிறான், அவள் கண் விழிக்கிறாள். முத்தம் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் சொன்ன கதையில் வருவது. எழுந்தவள் உடுத்தியிருப்பது பாட்டி காலத்து உடை; அதைப் பார்த்தும் இளவரசன் வாயைத் திறக்கவில்லை என்று பெரோ குறும்பாக எழுதுகிறார்.

படத்து இளவரசியின் பெயர் அரோரா. பெரோவில் இளவரசிக்குப் பெயரே இல்லை. அவளுக்குப் பிறக்கும் மகள்தான் ஒரோர், அதாவது விடியல். மகன் ழூர், பகல். 1890-ல் சைக்கோவ்ஸ்கி இசையமைத்த பாலே நாட்டியத்தில் மகளின் பெயர் தாய்க்குப் போயிற்று. படமும் அந்த இசையையும் பெயரையும் எடுத்துக்கொண்டது.

பிள்ளைகள் பிறப்பது மறுபாதியில். இளவரசன் இரண்டு ஆண்டு தன் திருமணத்தை வீட்டில் மறைக்கிறான். காரணம், அவன் தாய் ராட்சசி வம்சம். குழந்தைகளைக் கண்டால் நாக்கு ஊறும். தந்தை இறந்து அரசனானபின் மனைவி மக்களை அழைத்து வருகிறான். பிறகு ஆட்சியைத் தாயிடம் விட்டுப் போருக்குப் போகிறான். உடனே மாமியார் மடைப்பள்ளி அதிகாரியைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரோரைச் சமைத்துப் போடு" என்கிறாள். அதுவும் கடுகும் வெங்காயமும் சேர்ந்த ரோபேர் சாஸோடு!

அந்த அதிகாரி கத்தியோடு போகிறார். நான்கு வயதுக் குழந்தை சிரித்துக்கொண்டே ஓடிவந்து கழுத்தைக் கட்டி, மிட்டாய் கேட்கிறது. கத்தி கைநழுவி விழுகிறது. குழந்தையைத் தன் மனைவியிடம் ஒளித்துவைத்து, ஆட்டுக்குட்டியைச் சமைத்து அனுப்புகிறார். அடுத்து ழூருக்குப் பதில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி. பிறகு அரசிக்குப் பதில் ஒரு பெண்மான். கடைசியில் குட்டு வெளிப்படுகிறது. தேரைகளும் பாம்புகளும் நிறைந்த தொட்டியில் எல்லோரையும் தள்ள இருக்கும் நேரத்தில் அரசன் வந்து நிற்கிறான். ராட்சசி தானே தொட்டியில் குதித்துவிடுகிறாள்.

இதைப் பேத்திக்குச் சொன்னபோது மகள், "அப்பா, ராத்திரி பயந்துக்கப் போறா" என்று தடுத்தாள். பேத்தி பயப்படவில்லை. "அந்தச் சமையல்கார மாமாவுக்குப் பரிசு குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பள்ளியில் படித்தபோது அந்த மனிதரை நான் கவனித்ததே இல்லை. உத்தியோகத்துக்குப் போனபின்தான் அடிக்கடி நினைவுக்கு வந்தார். ஒரு மேலதிகாரி, ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பை, "கொஞ்ச நாள் கீழே வை" என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து மாதம் அது என் மேசையின் அடி இழுப்பறையில் கிடந்தது. அந்த அம்மாள் மாதம் ஒருமுறை வந்து, "ஆச்சுங்களா ஐயா?" என்பார். "மேலே போயிருக்கும்மா" என்பேன். அதிகாரி மாற்றலாகிப் போனபிறகே கோப்பை நகர்த்தினேன். கத்தியைக் கீழே போட எனக்குத் துணிவில்லை. அந்த அம்மாளின் முகம் இன்னும் மறக்கவில்லை.

படத்தில் நல்லவர் பக்கம் மூன்று தேவதைகள், மந்திர வாள், மந்திரக் கேடயம். தீமை டிராகனாக வரும், வெட்டினால் செத்துப்போகும். பெரோவின் மறுபாதியில் தீமை ஓர் உத்தரவாக வருகிறது. தேவதை யாரும் உதவிக்கு வருவதில்லை. நடுவில் நிற்பது சம்பளம் வாங்கும் ஒரு மனிதர் மட்டும். குழந்தைகளுக்கு டிராகன் போதும் என்று படம் எடுத்தவர்கள் நினைத்திருக்கலாம். அதைக் குறை சொல்லவில்லை, படம் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியவளானபின் அவள் சந்திக்கப்போவது பெரும்பாலும் உத்தரவுகளைத்தான்.

பேத்தியின் கேள்விக்கு விடை இதுதான். பெரோவுக்கு முன்பே, 1634-க்கும் 1636-க்கும் இடையில் அச்சான இத்தாலியர் பசிலேயின் தொகுப்பில் இந்தக் கதை உண்டு. அங்கும் ஒரு சமையற்காரர் பிள்ளைகளை ஒளித்துவைக்கிறார். அரசன் அவருக்கு வெகுமதி தருகிறான். பெரோவில் அந்த அதிகாரிக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வரியும் இல்லை. இருபது ஆண்டு அரசு உத்தியோகம் பார்த்தவர் அல்லவா, தெரிந்துதான் விட்டிருப்பார் என்பது என் ஊகம்.